கரி விழும் ஜன்னலோரம்

ரயில் ஜன்னலைச் சாத்துவது ஒரு பெரிய வேலையா என்று கேட்பவர்கள், அறுவடைக் காலத்தில் ஒரு நாள் எங்கள் காலைப் பாசஞ்சரில் ஏறிப் பார்க்க வேண்டும். திருவாரூர்ப் பக்கமிருந்து தஞ்சாவூருக்குப் பதினெட்டு வருடமாக அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் வயல். அறுப்பு மெஷின் ஓடினால் வைக்கோல் தூசி, அறுப்பு முடிந்து நெல் தாளைக் கொளுத்தினால் புகை, கோடையில் வெறும் மண். அலுவலகத்துக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், புருவத்துக்கு நரை வந்தது போல் இருக்கும்.

ஜன்னலுக்குக் கதவு இரண்டு. ஒன்று கண்ணாடி, இன்னொன்று தகரம். தகரத்தை இறக்க இரண்டு பக்கக் கொண்டியையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒரு கையால் இழுத்தால் கோணிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். இறக்கிய பிறகும் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதற்கு ஈரத் துண்டைச் சுருட்டி வைப்போம். பழைய காலண்டர் அட்டையை அளவாக வெட்டிக் கைப்பையில் வைத்திருப்பவளும் உண்டு. அவள் பள்ளிக்கூட டீச்சர், என் எதிர் சீட்டுக்காரி, பதினெட்டு வருடச் சிநேகிதி.

தூசியாவது பரவாயில்லை, தட்டிவிட்டால் போய்விடும். வழியில் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. நெல் அவிக்கும் பாய்லருக்கு உமியைத்தான் எரிக்கிறார்கள். ஆனி, ஆடியில் காற்று மில்லிலிருந்து தண்டவாளத்தைப் பார்த்து அடிக்கும். வண்டி அந்த இடத்தில் சிக்னலுக்காக ஊர்ந்து போகும். புகைபோக்கியிலிருந்து கறுப்புக் கறுப்பாக உமிக்கரி பறந்து வந்து பெட்டிக்குள் கொட்டும். அதில் பாதி எரிந்தும் எரியாததுமாக இருக்கும் உமிதான் மோசம், நுனி ஊசியாக இருக்கும்.

சீசன் டிக்கெட்காரர்களான எங்களுக்கு அந்த இடம் மனப்பாடம். மில்லுக்கு முன்னால் ஒரு லெவல் கிராசிங். அது வந்ததும் டீச்சர் இரண்டு முறை இருமுவாள். மில் பக்கத்து ஜன்னலெல்லாம் படபடவென்று இறங்கும். வாய்விட்டுச் சொல்லாமல் ஏன் இருமுகிறாள் என்றால், புதிதாக வருபவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆமாம், அது எங்கள் பெட்டியின் வழக்கம். புதுமுகம் யாராவது ஏறினால், வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரவைப்போம். காற்று வரும், வயல் தெரியும், உட்காருங்க என்போம். அவர்களும் உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களா என்று நெகிழ்ந்துபோய் உட்காருவார்கள். இருமல் கேட்டதும் எல்லா ஜன்னலும் மூடும், அந்த ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். முகத்தில், வேட்டியில், வாயில் கரி. பெட்டியே சிரிக்கும். பிறகு தண்ணீர் பாட்டில் கொடுப்போம், துடைத்துவிடுவோம். அதற்குப் பிறகு அவர்கள் எங்களில் ஒருவர்.

எனக்கும் அது நடந்தது. முதல் நாள் வேலைக்குப் போகிறேன், சந்தன நிறச் சேலை. அலுவலகத்தில் போய் நின்றபோது, அடுப்புக்குள்ளிருந்து நேராக வருகிறாயா என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் கழிப்பறையில் நின்று அழுதேன். அழுதவள் திருந்தியிருக்க வேண்டும் இல்லையா? அடுத்த வாரமே அடுத்த ஆளுக்கு நான்தான் ஜன்னலோரம் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்ததும் நான்தான்.

அந்தப் பெண் ஏறியது ஒரு ஆடி மாதக் காலை. இருபத்திரண்டு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். இடம் தேடி நின்றவளை, "வாம்மா, இப்படி ஜன்னலோரம் உட்காரு" என்று நான்தான் கூப்பிட்டேன். அவள் தயங்கினாள்.

"வேணாங்க்கா, நீங்க உட்காருங்க. நான் நின்னுக்கிறேன்."

"அட, உட்காரும்மா. தினம் பாக்குற வயலுதானே எங்களுக்கு."

உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று டீச்சர் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போலீஸ் வேலைக்குங்க்கா. பரீட்சை, ஓட்டம் எல்லாத்துலயும் பாஸாயிட்டேன். இன்னைக்கு மெடிக்கல். கண்ணுதான் முக்கியமாப் பாப்பாங்களாம். அதான் ராத்திரி செல்லுகூடப் பாக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எங்கம்மா நடவுக்குப் போறவங்க. நான் உடுப்பு போட்டு வந்தா அவங்க கூலிக்குப் போறத நிறுத்திருவேன்னு சொல்லியிருக்கேன்."

என் மகன் அதே தேர்வை எழுதியவன். எழுத்தில் தேறினான். ஓட்டத்தில் பாதிச் சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தபடி செல்போன் பார்க்கிறான். பெண்களுக்கான இடம் வேறு, ஆண்களுக்கான இடம் வேறு என்பது எனக்குத் தெரியாதா? அவள் என் மகனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. நடவு நடுகிறவள் வீட்டுப் பெண் ஓடி முடித்துவிட்டாள், பத்து மா நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டான். இதைவிட நாகரிகமாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

"உங்க வீட்ல யாரும் எழுதலையாக்கா?" என்று வேறு கேட்டாள், வெள்ளந்தியாக.

"எங்க பையனுக்கு அதெல்லாம் தேவையில்ல" என்றேன்.

லெவல் கிராசிங் தெரிந்தது. டீச்சர் இருமவில்லை. என்னைப் பார்த்தாள். வேண்டாம், இந்தப் பெண்ணுக்குக் கண் பரிசோதனை, சொல்லிவிடலாம் என்பதுதான் அந்தப் பார்வை. அத்தனை வருடப் பழக்கத்தில் அதுகூடப் புரியாதா? நான் லேசாகத் தலையை ஆட்டினேன். சொல்ல வேண்டாம் என்று. டீச்சர் ஒரு கணம் மடியைப் பார்த்தாள், பிறகு இரண்டு முறை இருமினாள்.

ஜன்னல்கள் இறங்கின. அந்தப் பெண் என்ன ஏது என்று திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, எதற்காக மூடுகிறார்கள் என்று வெளியே எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்த முகத்தில் கரி வந்து கொட்டியது.

வழக்கம்போல் பெட்டி சிரித்தது. அவளும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "உறுத்துதுக்கா, உறுத்துது" என்றாள். மடியில் இருந்த ஃபைல் கீழே விழுந்து சான்றிதழெல்லாம் சிதறின. டீச்சர் அவற்றைப் பொறுக்கினாள். நான் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்தி, இமையை விரித்து, என் முந்தானை நுனியைத் திரித்து எச்சில் தொட்டுக் கண்ணுக்குள் விட்டு எடுத்தேன். எங்கள் பக்கம் கண்ணில் தூசி விழுந்தால் அப்படித்தான் எடுப்போம். நெல் அவிக்கும் இடத்தில், களத்தில், எங்கேயும். இரண்டு மூன்று முறை துழாவியதில் ஒரு சின்ன உமித் துணுக்கு வந்தது. வெற்றிபெற்றவள் போல அதை விரலில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன்.

தஞ்சாவூரில் இறங்கும்போது அவள் கண் மிளகாய்ப் பழம். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸுங்க்கா" என்றாள். நான் அவள் தோளில் தட்டி, "நல்லா செய்வே, போ" என்றேன்.

டீச்சர் அன்று மாலை வண்டியில் என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள். அந்த வழக்கம் தானாக நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. லெவல் கிராசிங் வந்தால் டீச்சர் இருமாமல், "கரி வருது, மூடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். போன ஆடியில் ஒரு நாள் அந்தப் பெண் மறுபடி ஏறினாள். கூடவே வெயிலில் கறுத்த ஒரு அம்மா, கையில் மஞ்சள் பை. எனக்கு எதிரில், டீச்சர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் சட்டென்று செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டேன். பிரயோசனம் இல்லை.

"அக்கா! என்னைத் தெரியுதுங்களா?"

நிமிர்ந்தேன். அவள் இடது கண்ணின் கருவிழியில் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. மற்றது பார்த்தது.

"அம்மா, நான் சொல்லுவேன்ல, அந்த அக்கா இவங்கதான். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. இவங்க ஒருத்தங்கதான் கண்ணுல விழுந்தத எடுத்துவிட்டாங்க."

அந்த அம்மா எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா. ஒங்க புள்ள குட்டி நல்லா இருக்கணும்" என்றாள்.

வேலை என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அன்றைக்குக் கண்ணைப் பார்த்துவிட்டு வேறு தேதி கொடுத்தார்களாம். அதற்குள் கண் புண்ணாகி, சீழ் வைத்து, மாதக் கணக்கில் மருந்து விட்டும் பார்வை திரும்பவில்லை. இப்போது ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அன்று கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உமி கிழிச்ச இடத்துல ஏதோ அழுக்கு பட்டிருக்குன்னு டாக்டர் சொன்னாருக்கா. நான்தான் தெரியாத்தனமா கைய வெச்சுத் தேய்ச்சுட்டேன் போல." சொல்லிவிட்டு, தன் மேலேயே கோபம் வந்தது போலத் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

என் முந்தானை மடியில் கிடந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். இல்லையம்மா, நீ தேய்க்கவில்லை என்று சொல்ல எனக்கு மில் வரும்வரை நேரம் இருந்தது. அதற்கு முந்தியதையும் சேர்த்துச் சொல்ல நேரம் இருந்தது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் தலையெழுத்து, என்ன பண்றது."

லெவல் கிராசிங் வந்தது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். இரண்டு கொண்டியையும் ஒரே நேரத்தில் அமுக்கி என் பக்கத்து ஜன்னலை இறக்கினாள். அம்மாவின் தோளில் கிடந்த துண்டை வாங்கிச் சுருட்டி அடி இடைவெளியில் வைத்தாள். "இங்க கரி வரும்க்கா. கண்ண மூடிக்குங்க" என்றாள். தகரத்தில் பொறபொறவென்று விழும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு துணுக்குக்கூட வரவில்லை.

இறங்கும்போது அந்த அம்மா மஞ்சள் பையை என் கையில் திணித்தாள். உளுந்து. அறுப்புக்குப் பிறகு வயலில் தெளிப்பார்களே, அது. செடி பிடுங்கப் போன இடத்தில் கூலியாகக் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் தெரிந்தவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தாளாம். "வேணாம்னு சொல்லாதீங்கம்மா" என்றாள். நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். பிளாட்பாரத்தில் டீச்சர் எனக்காக நிற்காமல் முன்னே போய்விட்டாள்.

ஒரு வாரம் அந்தப் பை சமையலறை மூலையில் இருந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. பூச்சி வந்துவிடும் என்று கடைசியில் ஊறப்போட்டு அரைத்துவிட்டேன். புது உளுந்து, மாவு பொங்கி வழிந்தது. காலையில் தோசை வார்த்தேன். என் மகன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னைக்கு நல்லா இருக்கும்மா" என்று சொல்லி, இன்னும் இரண்டு கேட்டான். வார்த்துப் போட்டேன்.