ரசத்தின் சூட்டுக்கு ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் சொல்வது என் வீட்டுக்காரர்தான். டெல்லியில், சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் அவர் சமையல்காரர். நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சமைத்துவிட்டு வந்து, எங்கள் ஒற்றை அறையில் நான் வைத்த குழம்புக்கு முன்னால் கண்ணை மூடுவார். "இந்தச் சாப்பாட்டை ஆசீர்வதியும், சமைத்த கைகளையும் ஆசீர்வதியும்" என்று முடிப்பார். நானும் மகளும் ஆமென் சொல்வோம். அதற்கு மேல் நான் வாய்விட்டு ஜெபித்தது கிடையாது. சபையில் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.

போன குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் ருசியும் கூடவே போய்விட்டன. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த நெத்திலிக் கருவாட்டை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வருவாங்கப்பா. ஜல்தி மூடுங்க!"

அவர் பொட்டலத்தைக் கட்டி என்னிடம் கொடுத்தார். "வெறுந்தாள மோந்த மாதிரி இருக்கு பிள்ள" என்றார்.

திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வேலையில் அவரை அடுப்பிலிருந்து எடுத்து, காய் நறுக்க உட்கார வைத்தார்கள். அதன் பிறகு வீட்டில் ஜெபிப்பதையும் விட்டுவிட்டார்.

"ஜெபம் பண்ணுங்க" என்று தட்டை வைத்தேன்.

"மண்ணத் தின்னுத மாதிரி இருக்கு. இதுக்கு என்னன்னு ஸ்தோத்திரம் சொல்ல? வேணும்னா நீ சொல்லு."

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிவிட்டார். தினமும் அப்படித்தான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் மட்டும் ஆராதனைக்குப் போனோம். வாசனை போனதைவிட, இவரே கொஞ்சம் கொஞ்சமாக எங்களைவிட்டுப் போகிறாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. எப்படியாவது இவரைத் தட்டுக்கு முன்னால் பழையபடி உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒருநாள் நானே ஆரம்பித்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சொல்லிக் கேட்டதை அப்படியே ஒப்பித்து, சமைத்த கைகளையும் ஆசீர்வதியும் என்று முடித்தேன். மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அம்மா, சமைச்சதே நீங்கதானே? உங்களுக்கு நீங்களே கேட்டுக்கிட்டீங்களா? பஹுத் அச்சா!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கேக்கட்டும்ட்டி. அவளுக்கு வேற யாரு கேக்கா?" என்றார். சொன்னவுடன் சிரிப்பு நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்ன சொல்வதென்று காலையிலிருந்து யோசித்தேன். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள் என்றுதான் சபையில் சொல்கிறார்கள். வாசனை போனதற்கு நன்றி என்று எனக்குச் சொல்ல வரவில்லை. சொன்னால் பொய் என்று ஆண்டவருக்குத் தெரியாதா? அதனால் சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டுக்காரரிடமே கேட்டேன்.

"ரசம் குடிச்சா என்ன தெரியுது?"

"சுடுது. தொண்டையில காந்துது."

"அப்பளம்?"

"சத்தம் கேக்கு. அதுக்கென்ன இப்ப?"

கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, ரசம் அவருக்குச் சுடுது, அதுக்கு ஸ்தோத்திரம். மிளகு காந்துது, அதுக்கு ஸ்தோத்திரம். அப்பளம் நொறுங்குறது கேக்கு, அதுக்கும் ஸ்தோத்திரம். வாசனைய இன்னும் நீங்க தரல. அது எங்களுக்கு வருத்தந்தான்."

மகள் மட்டும் ஆமென் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை. அவர் இன்னொரு டம்ளர் ரசம் கேட்டார்.

பிறகு சமையலையே மாற்றிக்கொண்டேன். வெள்ளரிக்காய், வறுத்த கடலை, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, சில்லென்று தயிர் என்று பல்லுக்கும் தொண்டைக்கும் ஏதாவது தெரிகிற மாதிரி வைத்தேன். வைத்ததைச் சொல்லி ஜெபித்தேன். சில நாள் அவருக்கு எதுவுமே தெரியாது. அன்றைக்கு, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம், அதற்கு ஸ்தோத்திரம் என்பேன். அது வெறும் வார்த்தை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வந்தபோது அவர் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஃபேன நிறுத்துட்டி, கடுகு வெடிக்கது கேக்கணும்" என்று மகளிடம் சொன்னார். தாளித்துக் கொட்டிவிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து அவளிடம் நீட்டினார். "உப்பு பாரு."

"தோடா கம்மிப்பா."

"கம்மின்னா எவ்வளவு? உன் நாக்க நம்பி நான் பொழைக்கணும் பாரு!"

"அப்போ சம்பளம் குடுங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடி, எதைச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் குரல் கேட்டது.

"ஆண்டவரே, கருவேப்பில எண்ணெயில விழுந்த சத்தம் இன்னைக்கு நல்லா கேட்டுது."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மகள் காத்திருந்து பார்த்துவிட்டு ஆமென் என்றாள். கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.