ஹரி, மிஸ்

என் அம்மா மரியகொறற்றிக்குச் சிங்களத்தில் நன்றாகப் பழகிய சொல் 'ஹரி'. 'சரி' என்று பொருள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்றார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஹரி. வீடு சோதிக்க வந்தவர்கள் அலுமாரியைக் கொட்டிக் கவிழ்த்தாலும் ஹரி. அதைச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்பது அவர் கண்ட அனுபவம்.

2007இல் வலது தோள் பிடித்துக்கொண்டது. அப்பச்சட்டியைச் சுழற்ற முடியவில்லை. சுழற்றாவிட்டால் அப்பத்துக்குக் கரை வராது.

"ரொட்டி எண்டு சொல்லி வில்லும், கொறற்றி," என்றார் பக்கத்து வீட்டு பேர்ணடெற் மாமி.

அம்மா சிரிக்கவில்லை. கை போனால் என் சம்பளத்தில் சாப்பிட வேண்டி வரும். அதற்கு அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அம்மா அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார். ஒரு சின்னப் பெட்டி, இரண்டு வயர், தோளில் ஒட்டும் இரண்டு பட்டைகள். மெல்லிய மின்துடிப்பு நரம்பில் ஏறும்போது நோ மூளைக்கு எட்டுவது குறையும். அம்மா தனியாகவே போய்வந்தார்.

"எப்பிடியம்மா?"

"நல்லாயிருக்கு."

தோள் அப்படியே இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். நான் லிப்ட் திருத்துபவன். பெட்டிகளைப் பார்த்தால் கண் முதலில் அளவுக்குத்தான் போகும். சிகிச்சை கொடுக்கும் நில்மினி மிஸ் திருகைத் தொட்டு, உணர்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஹரி, மிஸ்."

நில்மினி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார். திருகு பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"அம்மா, ஏதும் தெரியுதா?"

"சும்மா இரு. அவ நல்ல பிள்ளை."

"தெரியுதா, இல்லையா?"

"ஒரு நாளும் தெரியேல்லை."

"பின்னை ஏன் ஹரி எண்டனீங்கள்?"

"அவ கேட்டா, சொன்னனான்."

தோளுக்கு எவ்வளவு உறைக்கிறது என்பதை அந்தப் பெட்டி காட்டாது. நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும். நில்மினியிடம் விளங்கப்படுத்தினேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அனே, அம்மே!" என்றார். பிறகு போதும் என்பதற்குத் தமிழ் கேட்டார். 'காணும்' என்று சொல்லிக்கொடுத்தேன்.

"அம்மா, ஹரி வேணாம். காணும். காணும் சொல்லுங்க." தெரிந்த கொஞ்சத் தமிழில் சொல்லிக்கொண்டே நில்மினி திருகைக் கூட்டினார்.

"ஐயோ, எறும்பு!" அம்மா சிரித்துவிட்டார்.

இன்னும் கூட்டினார். அம்மாவின் உதடு இறுகியது. தசை துள்ளியது. "ஹ..."

"வேணாம்!"

"காணும்," என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார், யாரோ ஏச வருவதுபோல.

அன்று கையைத் தூக்கிச் சீப்பால் தானே தலை இழுத்தார். சுகம் சில மணி நேரம்தான் நின்றது. ஆனாலும் போகப்போகச் சட்டி சுழன்றது, கரை வந்தது.

இரண்டு மாதம் கழித்து இரத்தமாக வாந்தி எடுத்தார். மறுநாள் இறந்தார். நோவுக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றை அரித்துவிட்டன என்றார் டொக்டர். வயிற்றெரிவு எவ்வளவு காலம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்திருந்தது.

"கரண்ட் பிடிச்சும் சுகமில்லாமல், அப்பவே பாமசியில குளிசை வாங்கிப் போடத் தொடங்கினவ, தம்பி. கையில சுகம் வந்தாப் பிறகும் விடேல்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டா."

நில்மினி சிங்களத்தில் கேட்டார். நான் 'எப்பிடியம்மா?' என்று தமிழில்தான் கேட்டேன்.