கேரட் வெந்த வாசனை

கார்களுக்கு பெயின்ட் அடிப்பவர் அவர். சென்ற ஆண்டு வந்த காய்ச்சல், போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பட்டறையில் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடைகூடத் தெரியாது. அதன் பிறகு பிறந்த மகளை அவர் கண்ணாலும் காதாலும் கையாலும் மட்டுமே அறிந்திருந்தார்.

அந்த ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டது. உள்ளறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்க, அவர் மகளை இடுப்பில் இடுக்கியபடி கேரட்டை வேகவைத்தார். நாலு துண்டை எடுத்துப் பாப்பாவுக்குத் தனியே மசித்தார். மிச்சத்தில் வெண்ணெயும் மிளகுத்தூளும் உப்பும் போட்டு வாணலியில் வதக்கினார். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, தெருவே கரைந்துபோயிருந்தது. நின்றபடியே அவருக்குக் கண் சொக்கியது.

அந்தச் சொக்கலில் எங்கிருந்தோ ஓர் இனிப்பு மிதந்து வந்தது. ஈர மண் கலந்தாற்போல வெந்த கேரட்டின் வாசனை. கனவென்றே நினைத்தார். மெல்லக் குனிந்து மகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்தார். பாலும் வெயிலில் காய்ந்த துணியும் சேர்ந்த மாதிரி இருந்தது. மூக்கை எடுக்க மனமே வரவில்லை.

"என்னங்க, அடிப்பிடிக்குது! அடுப்ப அணைங்க. உங்களுக்கு எங்க தெரியப்போகுது!" என்று மனைவி ஓடி வந்தாள்.

"தெரியுது" என்றார். "கருகுறது தெரியுது. பாப்பா வாசனையும் தெரியுதுடி."

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு அவர் தோளில் சாய்ந்து, "அப்ப நான்?" என்றாள்.

"தலைவலித் தைலம்."

சிரித்துக்கொண்டே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பாப்பா மசித்த கேரட்டை முகமெல்லாம் அப்பிக்கொண்டது. கருகியதை அவர் ஒவ்வொரு துண்டாக முகர்ந்து முகர்ந்து தின்றார்.