முப்பத்தொரு ஜோடி மலை

மஸ்லியா டீச்சர் எங்கள் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் பிடித்ததை வரையச் சொன்னார். முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு தாளிலும் ஒரே படம்: இரண்டு முக்கோண மலை, நட்டநடுவில் சூரியன், வளைந்து வரும் ரோடு, இருபுறமும் நெல்வயல். ஜாவாவில் எவனைத் தூக்கத்தில் எழுப்பிப் பென்சிலைக் கொடுத்தாலும் இதைத்தான் வரைவான். நானும் வரைந்திருக்கிறேன்.

டீச்சர் பிறந்தது கலிமந்தான் தீவில், பஞ்சர்மாசின் நகரத்து ஆற்றங்கரையில். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். ஒன்றில் துணி, இன்னொன்றில் முழுக்கப் படக்கதைப் புத்தகம்.

"இருபது வயசு வரைக்கும் நான் மலையே பாத்ததில்ல சார்," என்று என்னிடம் பொருமினார். "எங்க வீட்டு வாசல்ல படகுதான் போகும். ஆனா ஸ்கூல்ல ரெண்டு மலை வரைஞ்சேன், தொண்ணூறு மார்க்கு. படகு வரைஞ்ச என் தம்பிக்கு அறுபது! இந்த அநியாயம் என் கிளாஸ்ல நடக்காது."

அன்றே சட்டம் போட்டார்: இனி யாரும் மலை வரையக் கூடாது.

வாரத்துக்கு ஒரே ஒரு ஓவிய வகுப்புதான். அதில் அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. சூரியகாந்தியை அப்பி அப்பி வரைந்த டச்சுக்காரர் கதையைச் சொல்லி, சாயத்தில் கஞ்சிப்பசை கலந்து அட்டையில் பூசச் சொன்னார். படுக்கையில் கிடந்தபடியே கத்தரிக்கோலால் வண்ணத்தாள் வெட்டிய பிரெஞ்சுக் கிழவரின் கதை வந்த வாரம், ஊரில் ஒரு வீட்டிலும் காலண்டர் மிஞ்சவில்லை. படக்கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நீங்களே வரையுங்கள் என்பார்.

அடுத்த வகுப்பு என்னுடையது. நான் திர்ஜோ, கணக்கு வாத்தியார். காலண்டர் துணுக்குகளைக் கூட்டி அள்ளிவிட்டுப் பின்னம் சொல்லிக்கொடுத்தால் எவனுக்கு ஏறும்? அந்த ஓவிய வகுப்பையும் கணக்குக்கே தரவேண்டும் என்று தலைமையாசிரியர் சுகியாரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் டீச்சரைக் கூப்பிட்டு, "மூணு வாரத்துல இன்ஸ்பெக்டர் வர்றாரு. இந்தப் பிய்ச்ச காலண்டரைப் பாத்தா அவர் என்னைப் பிய்ச்சுருவாரு. சுவத்துல மாட்டற படம் அவருக்குப் பிடிச்சா உங்க பீரியட் இருக்கும். இல்லேன்னா கணக்குக்குப் போயிரும்," என்றார்.

"இருக்கும் சார்," என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

அந்த வாரமே வினை வந்தது. லாரஸ் என்ற பெண் மட்டும் சட்டத்தை மதிக்காமல் மலையே வரைந்துகொண்டிருந்தாள். மூன்று முறை தாளைத் திருப்பிக் கொடுத்த டீச்சர் நான்காம் முறை வெடித்துவிட்டார். வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது.

"கண்ணால பாத்ததை வரைன்னா, திரும்பத் திரும்பக் காப்பியடிச்சுட்டு வர்றியே!"

"பாத்துதான் வரைஞ்சேன் டீச்சர். நீங்கதான் பாக்கல. அதோ."

ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊரின் இரண்டு மலைகள்: இடப்பக்கம் சும்பிங், வலப்பக்கம் சிந்தோரோ. பல் உடைந்த உச்சி சும்பிங்குக்கு, சிந்தோரோ வழவழப்பு. லாரஸின் தாளிலும் அப்படியே இருந்தது. நெல் இல்லை, எங்கள் புகையிலைதான் மலையேறியது. சூரியன் நடுவில் இல்லை, சும்பிங்கின் தோள் பக்கம் சாய்ந்திருந்தது.

டீச்சர் தாளை ஜன்னலருகே கொண்டுபோய் மலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "தப்பு என்னோடதுதான் லாரஸ். நானே பாக்காம உங்களைப் பாக்கச் சொல்லிட்டேன்," என்றார். அவர் மானம் போயிற்று என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கையோடு இன்னொரு கதையை எடுத்தார். "ஜப்பான்ல ஒரு தாத்தா. ஒரே மலையை எடுத்துக்கிட்டு முப்பத்தாறு படம்னு ஆரம்பிச்சாரு. ஒண்ணுல அலைக்கு நடுவுல மலை, ஒண்ணுல பீப்பாய்க்குள்ள மலை. நீங்களும் நம்ம மலையை வரைங்க. நின்ன இடத்துலேர்ந்து எப்படித் தெரியுதோ அப்படி. எது மறைக்குதோ அதையும் சேத்து."

அது புகையிலை அறுவடைக் காலம். பள்ளி விட்டால் பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை இருக்கும். படம் வரைய எந்த அம்மா விடுவாள்? டீச்சர் வீடு வீடாகப் போனார். "உங்க பொண்ணை அரைமணி நேரம் விடுங்கக்கா, அவ வேலையை நான் பாக்கறேன்," என்று சொல்லி, சீவிய புகையிலையை மூங்கில் தட்டில் பரப்ப உட்கார்ந்துவிடுவார். கை கறுத்து, நாற்றம் தலைக்கேறி இரண்டு நாள் வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் மறுபடியும் போனார். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் முப்பத்தொரு படமும் சுவர் ஏறியது.

தலைமையாசிரியர் தூரத்திலிருந்து பார்த்து, "அப்பாடா, மலை!" என்று மூச்சு விட்டார். கிட்டே வந்ததும் முகம் மாறிவிட்டது. ஏணியில் நிற்கும் அப்பாவின் கால்களுக்கிடையே மலை. மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் மலை. தெம்பே என்னும் சோயா வில்லை பொரிக்கும் வாணலிப் புகைக்கு அப்பால், பாதி அழிந்த மலை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் படம் படமாகப் பார்த்துக்கொண்டு வர, நானும் பின்னாலேயே போனேன். லாரஸின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். அதில் சிந்தோரோ மட்டும்தான் இருந்தது. சும்பிங் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முதுகு. என் பழுப்புச் சட்டை, என் வழுக்கை, கையில் சாக்பீஸ்.

லாரஸ் பக்கத்தில்தான் நின்றாள். "ஏம்மா, என் முகத்தை வரையக் கூடாதா?" என்றேன், சிரிப்பாக.

"நீங்க திரும்பவே இல்லியே சார்," என்றாள்.

குறும்பு துளிகூட இல்லை. பார்த்ததைச் சொன்னாள். போர்டைப் பார்த்தபடியேதான் நான் எப்போதும் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

இன்ஸ்பெக்டர் சுவரை முடித்துவிட்டுத் திரும்பினார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குல மார்க் கம்மியாமே? கணக்கு வாத்தியார் யாரு? இந்தப் பீரியடை உங்களுக்கே குடுத்துரலாமா?"

"வேணாம் சார்," என்றேன். "அது டீச்சர்கிட்டயே இருக்கட்டும். பசங்களுக்குக் கணக்கு வரலைன்னா அதுக்குக் காரணம் நான்."

"யோவ், எழுதிக் குடுத்ததே நீதானேய்யா!" என்று தலைமையாசிரியர் என் காதருகே பல்லைக் கடித்தார்.

"கிழிச்சுப் போட்ருங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போனார். மஸ்லியா டீச்சர் என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அடுத்த வாரம் களிமண் சார்," என்றார். "ரெண்டு மூட்டை தூக்கணும். வந்துருங்க."