கட்டை போடும் வளைவு

எங்கள் லொறி ஓடுகிற வரைக்கும் அந்த அறையில் இருக்கலாம். தேயிலைக் கொழுந்து ஒரு நாள் ஃபாக்டரிக்கு ஏறாமல் கீழே தங்கிவிட்டால் அன்றைக்கே சாமானைக் கட்டிவிட வேண்டும். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அதை நடத்துகிற துரை எங்களுக்குப் போட்ட நிபந்தனை இது. அறை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். ஆற்றோரத்துப் பிரிவில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தை ஒட்டிய பழைய மாட்டுப்பட்டி அது. மாடுகள் போன பிறகும் வாடை போகவில்லை. ஆனாலும் தலைக்கு மேலே தகரம் இருந்தது.

அதற்கு முந்திய தோட்டத்தில் என் வீட்டுக்காரர் ஃபாக்டரி லொறி ஓட்டினார். பெரிய கங்காணியோடு வாய்த்தகராறு முற்றி வேலை போனது, அதோடு தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போனது. லொறிக்கு ஆயிரம் பிரேக் பார்த்த மனிதர் தன் வாய்க்கு ஒன்று வைத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் ஆட்களை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் நிற்பதென்றாலும் நமக்கென்று ஒரு தெரு இருக்க வேண்டாமா? என் காதிலும் கழுத்திலும் இருந்ததைப் போட்டு, பட்டாளத்துக்காரர்கள் விட்டுப் போன பழைய லொறி ஒன்றை வாங்கினோம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. குட்டை லொறி, ஆனால் மாடு மாதிரிப் பாரம் இழுக்கும்.

குட்டையாக இருந்ததுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆற்றோரத்துக் கொழுந்தை மலை மேலே இருக்கிற ஃபாக்டரிக்கு ஏற்ற வேண்டும். தோட்டத்து லொறி நீளம், அது பாதி வழியில் உள்ள வளைவில் திரும்பாது. எங்களுடையது திரும்பும். ஆனால் அந்த இடத்தில் மூச்சு வாங்கும். கடைசிக் கியருக்கு மாற்ற வேண்டுமென்றால் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். நிறுத்தினால் பின்னால் உருளும். கால் பிரேக்கும் கை பிரேக்கும் வெறும் லொறியைப் பிடிக்கும், கொழுந்து ஏற்றிய லொறியைப் பிடிக்காது. அதனால் நான் மடியில் ஒரு மரக்கட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வளைவு வந்ததும் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பேன். அவர் கியரை மாற்றி இழுத்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறுவேன். கிளீனர் வைக்க வசதியில்லாத வீட்டில் பெண்டாட்டிதான் கிளீனர்.

லொறியைச் செப்பனிடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. முதலில் பின்பக்கத்து வில்லுக்கு இன்னும் இரண்டு பட்டை சேர்த்தார். பிறகு பின்சக்கரங்களுக்கு எங்கேயோ பெரிய டயர்களைத் தேடிப் பிடித்துப் பூட்டினார். அதற்குப் பிறகு லொறி வாலைத் தூக்கிய சேவல் மாதிரி நின்றது. பாரம் கூடுதலாக ஏற்ற முடிந்தது, அதனால் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்கும் சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வீட்டுக்காரர் அந்த டயரைத் தட்டிக் காட்டுவார். பிள்ளையைத் தட்டிக்கொடுத்ததைவிட டயரைத் தட்டியதுதான் அதிகம்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. மூத்தவளை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பரா ஆயாவிடம் விட்டுவிட்டு நான் கட்டையோடு ஏறிவிடுவேன். ஒரு நாள் வளைவில் குதித்தபோது சேற்றில் வழுக்கி விழுந்தேன். கட்டை சரியான இடத்தில் விழுந்தது. நான்தான் சரியான இடத்தில் விழவில்லை. சக்கரம் என் சேலைத் தலைப்பை மிதித்துக்கொண்டு நின்றது. அவர் இறங்கி வந்து தலைப்பைக் கிழித்து என்னைத் தூக்கிவிட்டார்.

"இனிமே நீ குதிக்க வேணாம் புள்ள. நான் ஒரு வழி பண்றேன்" என்றார்.

"வயிறு இன்னும் பெருத்தா குதிக்கவா போறேன், உருளத்தான் போறேன். சீக்கிரம் பண்ணுங்க."

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். பட்டாளத்து லொறிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும். எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவன் பெட்ரோல் மிச்சம் பிடிக்க, முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற சாஃப்டைக் கழற்றி எறிந்திருந்தான். அதைத் திரும்பப் பூட்டினால் வளைவில் நிற்காமலே ஏறிவிடலாம். வட்டவளையில் ஒரு முஸ்லிம் நானா தன் கடைக்குப் பின்னால் இதே சாதி லொறி ஒன்றைக் கோழிக்கூடாக வைத்திருந்தார். சாஃப்டுக்குப் பதிலாக எங்கள் லொறிக்கு மேலே போர்த்துகிற கித்தானைக் கேட்டார். கொடுத்தோம். அதற்குப் பிறகு மழையில் நாங்களும் கொழுந்தும் சேர்ந்தே நனைந்தோம்.

பூட்டிய முதல் நாள் மழை கொட்டியது. வளைவு வந்தது. லொறி உறுமியது, முன்சக்கரம் சேற்றைக் கிழித்தது, நிற்காமல் ஏறிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. மடியில் இருந்த கட்டையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த மழை நாட்கள் முழுவதும் லொறி அப்படியே ஏறியது. மழையிலேயே இப்படி ஏறினால் வெயிலில் எப்படி ஏறும் என்று வெயிலுக்காகக் காத்திருந்தோம். எந்திரங்களைக் காக்கிற ரோதைமுனிக்குக் கற்பூரம்கூடக் கொளுத்தினேன்.

வெயிலும் வந்தது. ரோடு காய்ந்து இறுகிக் கிடந்தது. "நீ வீட்டில இரு" என்று அவர் சொன்னதைக் கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன். பின்னேரக் கொழுந்து, பெட்டி நிறையச் சாக்குகள். வளைவின் நடுவில் அடியில் ஏதோ டப்பென்று வெடித்தது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் எதுவும் இழுக்கவில்லை. லொறி பின்னால் போகத் தொடங்கியது. அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்துத் தொங்குகிறார். நான் கட்டையை எடுத்துக் குதித்தேன். எப்படிக் குதித்தேன், வயிற்றை எந்தக் கையால் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கட்டை பிடித்தது. பின்னால் ஆறு தெரிந்தது.

பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படக்கூட நேரமில்லை. கொழுந்து சாக்குக்குள் கிடந்தால் புழுங்கிச் சிவந்துவிடும். நாளைக்கு எங்கே படுப்பது என்று அந்த இடத்திலேயே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். மூத்தவளைக் கூட்டிக்கொண்டு, வயிற்றில் ஒன்றோடு, எந்தத் தோட்டத்து வாசலில் போய் நிற்பது? அவர் ரோட்டோரத்தில் குந்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலா லொறி மேலா என்று தெரியாத கோபம்.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் குழாயடியில் என்னோடு சண்டை போடுகிறவள். என் குடத்தை ஒரு தடவை எட்டி உதைத்தவள். லொறியைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள்.

"புள்ளத்தாச்சி, நீ அந்தப் பக்கம் குந்து. சாக்க எறக்குங்கடி" என்றாள்.

விடிந்ததிலிருந்து மலையில் நின்ற கால்கள். வீட்டில் அடுப்புப் பற்றவில்லை, பிள்ளைகள் காத்திருக்கின்றன. ஆளுக்கொரு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக மேலே ஏறினார்கள். என் வீட்டுக்காரரும் எழுந்து ஒன்றைத் தூக்கினார். இருட்டுவதற்குள் கொழுந்து முழுவதும் ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. துரை வாசலில் நின்று பார்த்தாராம், தலையை ஆட்டினாராம். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா சொன்னார்: "இனிமே ஆத்துப் பக்கக் கொழுந்த பொம்பளயாளுகளே தூக்கிட்டு வரணும். தொரையோட உத்தரவு. லொறி வேணாம்."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். "அதுக்குத் தனியா ஏதும் போட்டுக் குடுப்பீங்களாங்கய்யா?"

"நேத்து யாருகிட்டக் காசு கேட்டுத் தூக்குனீங்க?" என்றார் அவர்.

பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "தொரைக்கு ஒம் மேல கோவமில்ல. சொமக்க ஆளு பத்தாது. புள்ள பொறந்து முப்பது நாள் கழிஞ்சதும் ஒம் பொண்டாட்டியத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியச் சொல்லு. நீயும் மலை வேலைக்குப் போ. அறையில இருந்துக்கலாம்." கூரை தப்பியது. அதற்காகத்தானே இத்தனை பாடும் பட்டோம், அது கிடைத்துவிட்டது.

லொறியைத் திருத்திக் காட்டினால் துரை மனம் மாறுவார் என்று என் வீட்டுக்காரர் ஹட்டனிலிருந்து ஒரு சிங்கள பாஸைக் கூட்டிவந்தார். அந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, சக்கரங்களைக் காட்டினார். "முன்னுக்குச் சின்ன டயர், பின்னுக்குப் பெரிய டயர். ரெண்டும் சேந்து இழுத்தா உள்ளுக்குச் சண்டதானே. மழையில வழுக்கிச்சு, சண்ட தெரியல்ல. காஞ்ச ரோட்டில வழுக்க ஏலாது. கியர்ப் பெட்டி ஒடஞ்சிட்டுது." பெரிய டயரைப் பூட்டியவரும் என் வீட்டுக்காரர்தான், சாஃப்டைப் பூட்டியவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் எதையும் செப்பனிடவில்லை. தகரத்து ஓட்டையைக்கூட நான்தான் அடைத்தேன்.

பிள்ளை பிறந்து முப்பது கழித்து நான் பேர் பதிந்தேன். முதல் நாள் பின்னேரம் சாக்கைத் தூக்கி என் தலையில் வைத்தது அந்தக் குழாயடிக்காரிதான். லொறி அதே வளைவில், நான் கொடுத்த கட்டை மேலேயே நின்றது. ஏறிவந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாக்கை அதன் பெட்டியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். நான் இல்லாத நாட்களில் அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஒம் புருசன் லொறி இன்னமும் கொழுந்து சொமக்குது பாரு" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்காக ஒரே ஒரு நாள் தூக்கியதற்கு, இப்போது கூலியில்லாமல் தினமும் தூக்குகிறவர்கள். அவர்களில் ஒருத்தியாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.