பரிணாமத்துக்கு ஒரு வாக்கெடுப்பு

பெங்களூரு பொம்மனஹள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியில், ஜிம்முக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நூலகம் உண்டு. என் மகள் படித்து முடித்த புத்தகம் ஒன்றை அங்கே கொடுத்தேன். தடுப்பூசி, மரபணு மாற்றிய கத்தரிக்காய், பரிணாமம் என்று பெரியவர்கள் சண்டை போடும் விஷயங்களைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்கும் புத்தகம்.

மறுநாளே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வந்தது: பரிணாமம் உண்மையா, இல்லையா? இல்லை என்று முடிவானால் புத்தகத்தை எடுத்துவிடுவார்களாம். எல்லோரும் சாஃப்ட்வேர்காரர்கள். ஒருவர்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. லிஃப்ட் வருவதற்குள் கட்டைவிரலால் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் ‘உண்மை’ என்று அழுத்தினேன். பரிணாமம் தோற்றது.

புத்தகத்தைத் திருப்பி வாங்கப் போனபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க மேடம், உங்க ஓட்ட நாங்க எண்ணவே இல்ல. நீங்க டெனன்ட். ஓனர்ஸ் ஓட்டுதான் செல்லும், ரூல்ஸ் அப்படி.”

“படிக்கப்போற பசங்க ஓட்டு?”

“அவங்க குரூப்லயே இல்லையே.”

ஆக, குரங்குக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் உண்டா என்று சொல்வதற்கு பொம்மனஹள்ளியில் சொந்த ஃபிளாட் இருக்க வேண்டும்.