அண்ணர் திருப்பிப் பார்த்த காசு

அண்ணரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் வணக்கம். முன்பக்கங்களில் தேவாரமும் படங்களும் இருக்கின்றன. அண்ணரைப் பற்றி எழுத வேண்டியவன் நான். அவருக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. நான் ஒரே தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கையால் எழுதிக் கொடுத்தேன். பிழைகளை அச்சகத்தில் திருத்தினார்கள்.

அண்ணரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டி இருந்தது. எட்டு வருடம் கிடைத்தது. கேட்கவில்லை. அதையும் இதில் எழுதுகிறேன். உங்களில் கனபேர் அது நடந்த அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள்.

அண்ணர் வடமராட்சியில் புலோலியில் பிறந்தார். எங்கள் தகப்பன், ஐயா, லொறி ஓட்டினவர். எனக்கு ஆறு வயதில் ஐயா காலமானார். அண்ணருக்கு அப்போது பதினாறு. அன்றோடு அவருடைய படிப்பு முடிந்தது. சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு அம்மாவையும் என்னையும் பார்த்தார். நாட்டில் சண்டை பெருத்தபோது முதலில் அவர் வெளிக்கிட்டார். எங்கெங்கோ நின்று மொன்ட்ரியால் வந்து சேர்ந்தார். ஐந்து வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு எடுத்தார். அம்மா வர மாட்டேன் என்று நின்றுவிட்டா. அங்கேயே காலமானா. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. போக முடியாத காலம்.

மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் மட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தார். பிந்திப் போனதாக ஒரு நாளும் நான் கேள்விப்படவில்லை. கலியாணம் பேசினோம். "பேந்து பாப்பம்" என்றார். இரண்டு மூன்று இடம் வந்தது. எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பிறகு ஒருவரும் பேசவில்லை.

லாசாலிலேயே ஒரு அறை வீடு. யன்னலோடு ஒரு மேசை. ஒரு கதிரை. நான் போனால் கட்டிலில் இருப்பேன். எப்போது தொலைபேசி எடுத்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். அதன் பக்கத்திலேயே இருந்திருப்பார் போல. எனக்கு அது இப்போதுதான் யோசனைக்கு வருகிறது.

குடி இல்லை, சிகரெட் இல்லை. காசு சேர்த்தார். பழைய அமெரிக்கத் தங்கக் காசு. இது உங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

அது தொடங்கினது குளிரால். ஒரு சனிக்கிழமை நகரத்துக்குள் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். குளிர் தாங்காமல் பக்கத்துக் கடைக்குள் ஏறியிருக்கிறார். அது பழைய காசு விற்கிற கடை. கடைக்காரர் பிரெஞ்சு ஆள். அண்ணர் அவரைக் கடைசிவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றே சொன்னார். பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. சும்மா நிற்கக் கூடாது என்று கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். முசியே ஒரு காசை எடுத்து இவர் கையில் வைத்தாராம். பஸ் வந்து போய்விட்டதாம்.

அந்தக் காசை வாங்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. வாங்கின அன்று நேரே பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். சப்பாத்துக் கழற்ற முதலே சட்டைப் பையில் இருந்து எடுத்தார். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை. மற்றப் பக்கம் கழுகு. கழுகின் காலடியில் சின்னதாக D என்று ஓர் எழுத்து. நிறம் மங்கி, ஓரத்தில் ஒரு கீறலும் இருந்தது. அளவில் எங்கள் பவுண் காசு மாதிரித்தான்.

என் மனைவி வாங்கிப் பார்த்தா. "என்ன அண்ணை, குத்துவிளக்கு மாதிரிக் கறுத்துக் கிடக்கு. தாங்கோ, புளி போட்டு மினுக்கித் தாறன்."

அண்ணர் கையை நீட்டிக் காசைத் திருப்பி வாங்கிவிட்டார். "வேண்டாம் பிள்ளை. மினுக்கினால் காசு அதோட பழுது."

"எங்கட தமிழ் நகைக்கடையில ஒரு பவுண் வாங்கியிருந்தால் பளபளவெண்டு இருந்திருக்குமே" என்றேன் நான்.

"அது எங்கையும் வாங்கலாம்" என்றார். பிறகு அவர் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் கதைத்தார். "அமெரிக்காவில தெற்குப் பக்கம், மலைக்குள்ள டலோனிகா எண்டு ஒரு சின்ன ஊர். அந்த D அதுதான். அங்க தங்கம் எடுத்தவங்கள். எடுத்த இடத்திலயே காசடிக்க ஒரு தொழிற்சாலையும் கட்டினவங்கள். கொஞ்சக் காலம்தான் ஓடினது. நாட்டுக்குள்ள சண்டை வந்தது, பூட்டிப் போட்டாங்கள். பேந்து திறக்கவே இல்லை. அடிச்ச காசிலயும் கனக்க உருக்கிப் போட்டாங்கள். இது தப்பினது."

"அச்சும் ஒழுங்கா விழேல்லைப் போல" என்றேன்.

"பெரிய சாலையில அடிச்சது எல்லாம் ஒரே முகம். இதுகள் அப்பிடியில்லை."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். இருபத்தைந்து வருடத்தில் ஏழு காசு சேர்த்தார். டலோனிகாவில் அடித்தது நாலு. சார்லட் என்ற ஊரில் அடித்தது இரண்டு. நியூ ஓர்லியன்ஸில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு துண்டு. எல்லாம் ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள். சனிக்கிழமைகளில் முசியேயின் கடைக்குப் போவார். வாங்குவதற்கு அல்ல. எங்களோடு கதைத்ததை விட அந்த மனிசனோடு கூடக் கதைத்திருப்பார்.

எட்டு வருடத்துக்கு முதல் ஒரு மாரிக் குளிரில் அண்ணர் இருந்த கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பேணியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து தந்தார். "தம்பி, இதை ஒருக்கா வைச்சிரு. ஈரம் படக் கூடாது." அலுமாரியில் வைத்தேன். அந்த மாதம்தான் என் மகனின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கல்.

அன்று நல்ல பனி. தாலிக்கு உருக்க வேண்டிய பவுணை ரொறன்ரோவில் இருந்து மச்சான் கொண்டு வருவதாக இருந்தது. விடிய வெளிக்கிட்டவர் கிங்ஸ்டனில் நிற்கிறார். ரோட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று தொலைபேசி எடுக்கிறார். வீட்டில் நிறைகுடம் வைத்தாயிற்று. பெண் பகுதி ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள். புகை மணி அடிக்காமல் இருக்க அதற்குப் பிளாஸ்டிக் சொப்பின் பையும் கட்டியாயிற்று. உருக்கப் பவுண் இல்லை.

பொன் உருக்க வந்த பத்தர் கையைத் துடைத்துக்கொண்டு, "சுபநேரம் முடிய இருபது நிமிசம்தான் கிடக்கு" என்றார்.

மனைவி, "என்ர காப்பை உருக்குங்கோ" என்றா.

"போட்ட நகை கூடாது அம்மா. காசுதான் வேணும். ஒரு பவுண் இல்லாத வீடோ இது?"

பெண் பகுதியில் ஒருவர் பகிடியாக, "மொன்ட்ரியாலில பவுண் விளையாது போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழும்பி அறைக்குள் போனேன்.

மனைவி பின்னால் வந்தா. "அண்ணை வரட்டும். கேட்டிட்டு எடுங்கோ."

"அவர் லாசாலில இருந்து பஸ்ஸில வந்து சேர நேரம் போயிடும். பேந்து ஒரு புதுசு வாங்கி வைப்பம். பவுண் எண்டால் பவுண்தானே."

பேணியைத் திறந்தேன். ஏழில் மங்கலானதைப் பார்த்து எடுத்தேன். ஓரத்தில் கீறல் இருந்தது. நல்லதுகளை விட்டுவிட்டு எடுத்தேன் என்று எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அது எந்தக் காசு என்று யோசிக்கவில்லை. வெறும் உறையைத் திரும்பப் பேணிக்குள் வைத்தேன்.

வெற்றிலையில் காசை வைத்துத் தட்டைச் சுற்றக் கொடுத்தோம். எல்லோரும் தொட்டு வாழ்த்தினீர்கள். தட்டு திரும்பி வருகிற நேரம் அண்ணர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கோட்டு முழுக்கப் பனி. "மூத்தவர் வந்திட்டார், அவரிட்டயும் குடுங்கோ" என்றார்கள்.

அண்ணர் தட்டைப் பார்த்தார். காசை எடுத்தார். திருப்பினார். கிட்டக் கொண்டு போய்க் கழுகின் காலடியைப் பார்த்தார். பிறகு என்னை ஒருக்காப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். காசை வெற்றிலையில் வைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

"நேரத்துக்குச் செய்யுங்கோ" என்றார்.

பத்தர் தீயை வைத்தார். காசு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஓரம் சுருங்கி உருண்டையாகிவிட்டது. அண்ணர் நின்று பார்த்தார். தேங்காய் உடைத்தபோது மகனின் தோளில் கை வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டு கிழமை கழித்து வந்தார். "வீடு காய்ஞ்சிட்டுது" என்று சொல்லிப் பேணியைக் கொண்டு போனார். அடுத்த ஞாயிறு நான் ஒரு புதுப் பவுண் வாங்கிக்கொண்டு லாசாலுக்குப் போனேன்.

"இந்தாங்கோ அண்ணை. அண்டைக்கு எடுத்ததுக்கு."

"என்னத்துக்கு இப்ப?"

"உங்கட சாமான்தானே."

"சரி, வை."

அவ்வளவுதான். எனக்குக் கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள் அண்ணர் அவனுக்கு ஒரு பவுண் போட்டார். நகைக்கடைப் பெட்டியைப் பார்த்தேன். நான் கொடுத்த அதே பெட்டி. திறக்காமலே வைத்திருந்திருக்கிறார். அதற்குள் மகன் ஃபோனில் தேடிப் பார்த்து எனக்குச் சொல்லியிருந்தான். "அப்பா, பெரியப்பாட காசு சும்மா பவுண் இல்லை. அது மாதிரி உலகத்திலயே கொஞ்சம்தான் மிஞ்சிக் கிடக்காம்." மனைவி, "இப்ப ஒண்டு குறைஞ்சு போச்சு" என்றா.

அண்ணர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். என் பவுணை என் வீட்டுக்கே திருப்பி விட்டார் என்று நினைத்தேன். போய்க் கேட்டிருக்கலாம். மூன்று நாலு தடவை அதற்கென்றே போனேன். கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். யன்னலால் வெளியே பார்த்தோம். வந்துவிட்டேன். பிறகு போவதும் குறைந்தது. அவர் வருவது குறையவில்லை. வருடப் பிறப்பு, தீபாவளி, பிள்ளையின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் வந்தார். குறைந்தது நான்தான்.

இந்த மாரியில் அவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. மேல்வீட்டு ஹெயிட்டிப் பெண்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டவர். எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். பதினொரு நாள் வைத்தியசாலையில் இருந்தார். கடைசிக்கு முதல் நாள் பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணை, அந்தப் பொன்னுருக்கல் அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கு நல்ல ஸ்னோ" என்றார்.

"ஓம்."

"நீ இண்டைக்கு எப்பிடி வந்தனி?"

"கார்."

"கவனமாப் போ."

அவ்வளவுதான் கதைத்தோம். மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்கு ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து பின்னால் நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் முசியே. ஒரு கிழமை கழித்து, காசுகளைப் பார்த்து மதிப்புச் சொல்லட்டுமா என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். பேணியை முன்னால் வைத்தோம். ஒவ்வோர் உறையாக எடுத்து மேசையில் வைத்தார். ஆறு காசு. ஏழாவது உறை வெறுமை. அதற்குள் "1843 D" என்ற துண்டு மட்டும் இருந்தது.

நாற்பத்துமூன்று எங்கே என்று கேட்டார். அவர் விற்ற முதல் காசாம் அது. எனக்கு அப்போதுதான் அந்தக் கீறல் ஞாபகம் வந்தது. சப்பாத்துக் கழற்ற முதல் அண்ணர் எடுத்துக் காட்டின காசு.

"நடந்ததைச் சொல்லு" என்று மகனிடம் சொன்னேன். அவன் பிரெஞ்சில் சொன்னான். முசியே வெறும் உறையைத் துண்டோடு மேசையில் திரும்ப வைத்தார். பிறகு ஏதோ சொன்னார். மகன் என்னிடம் திரும்பினான்.

"மூண்டு வருசத்துக்கு முதல் இதே காசு இன்னொண்டு கடைக்கு வந்ததாம், அப்பா. கீறல் இல்லாத காசாம். பெரியப்பாவுக்குத்தான் முதல் ஃபோன் எடுத்தவராம். பெரியப்பா வேண்டாம் எண்டிட்டாராம். அது என்னட்ட இருக்கு எண்டு சொன்னவராம்."

பேணியின் அடியில் ஒரு கொப்பி இருந்தது. அண்ணர் கோடு கீறி எழுதியிருந்தார். வருடம், எழுத்து, நிலை, இருக்கிற இடம். ஆறு காசுக்கு நேரே "பேணி" என்று இருந்தது. முதல் காசுக்கு நேரே "மருமகளிடம், மொன்ட்ரியால்-நோர்" என்று எழுதி வெட்டியிருந்தார். கீழே "மருமகளிடம், லாவல்" என்று இருந்தது. என் மகனும் மருமகளும் போன வருடம்தான் மொன்ட்ரியால்-நோரில் இருந்து லாவலுக்கு வீடு மாறினார்கள்.

மருமகள் கொப்பியை வாங்கிப் பார்த்தா. அந்தக் காசில் செய்த தாலி அவவின் கழுத்தில் கிடந்தது. "வீடு மாறின கிழமை பெரிய மாமா ஃபோன் எடுத்து விலாசம் கேட்டவர். என்னத்துக்கு மாமா எண்டு கேட்டன். எழுதி வைக்க எண்டவர்."

நிலை என்ற இடத்தில் "ஓரத்தில் கீறல்" என்று இருந்தது. அதையும் வெட்டியிருந்தார். பக்கத்தில் "இப்ப கீறல் இல்லை" என்று எழுதியிருந்தார்.

மகன் வாசித்துவிட்டுச் சிரித்தான். அண்ணர் போனபிறகு எங்கள் வீட்டில் சிரித்தது அதுதான் முதல். நான் எழும்பிப் போய் வாசலில் கிடந்த சப்பாத்துகளை அடுக்கினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்ட மேல்வீட்டுப் பெண். பதினொரு நாளும் பார்த்த தாதிமார். தொழிற்சாலையில் இருந்து வேலை உடுப்போடு வந்து நின்ற நாலு பேர். சமைத்துக் கொண்டு வந்தவர்கள், ரொறன்ரோவில் இருந்து வந்தவர்கள், பாடை தூக்கினவர்கள். குளிருக்கு உள்ளே வந்த ஆளை வெளியே போ என்று சொல்லாத முசியே.

பொன்னுருக்கலுக்கு வந்தவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நீங்கள் தொட்டு வாழ்த்தினது பவுண் அல்ல. அண்ணரின் முதல் காசு. கேளாமல் எடுத்தது நான். அவர் சபையில் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்று நானே சொல்கிறேன்.

காசுகளை விற்கவில்லை. பேணி இப்போது என் வீட்டில் இருக்கிறது. கொப்பியில் இடத்தை மாற்றி எழுத வேண்டி இருந்தது. ஆறு காசுக்கும் நேரே "தம்பி வீடு, பியர்பொன்ட்ஸ்" என்று எழுதினேன். முதல் காசின் வரியில் கை வைக்கவில்லை. அது சரியாகத்தான் இருக்கிறது.

தம்பி